ஐந்தாவது தோட்டா யாருக்கு?

எறையூர்ப் படிப்பகத்தில் ஒரு மாலை, ஏடு புரட்டிக்கொண்டிருந்த இளைஞர்களிடையே எழுந்தது ஒரு வழக்கு: அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற துப்பாக்கி எது? நாட்டுத் துப்பாக்கியா, இரட்டைக் குழலா, பம்ப் ஆக்சன் என்கிறார்களே, அதுவா? இலக்கியமும் அரசியலும் பேசச் சென்ற நம்மை இந்த வழக்குக்கு நடுவராக்கி அமர்த்திவிட்டனர்!

வழக்கைத் தொடுத்தவர் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை, கல்லூரி கண்டவர். ஆலைக்குக் கரும்பும், மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் குடும்பம். கதிர் பால் பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து ஓரிரவில் ஒரு பருவத்து உழைப்பை உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப்போட அவர் தந்தை எண்ணியிருக்கிறார். மகனோ கைப்பேசியில் அயல்நாட்டார் சுட்டுக் காட்டும் படங்களையெல்லாம் பார்த்து முடித்து, வாங்கினால் பம்ப் ஆக்சன்தான் என்று உறுதி பூண்டுவிட்டார். திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையிலேயே அத்தகைய துப்பாக்கி செய்யப்பட்டதையும் அறிந்து வைத்திருந்தார். 1966இல் தொடங்கிய தொழிற்சாலை அது. எறையூரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம். உள்ளூர்ச் சரக்கு என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

பொருளின் பெருமையை அதன் பளபளப்பில் காண்பது பழைய நோய். ஆயுதபூசையன்று அரிவாளுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் ஒரே பொட்டு, ஒரே பொரி! எது எதற்கு என்ற கேள்வி அன்று எழுவதில்லை. நாம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினோம்.

நாட்டுத் துப்பாக்கிக்குக் குழலின் வாய்வழியே மருந்து போட வேண்டும். அடைப்பு வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ரவை இட வேண்டும். மறுபடி அடைக்க வேண்டும். கேப்பு வைக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறை சுடுவதற்குள் பன்றி அடுத்த ஊர் எல்லையைக் கடந்திருக்கும். மருந்து மழையில் நனைந்தால் அது வெறும் தடி. இரட்டைக் குழல் நடுவில் மடிந்து திறக்கும், இரண்டே தோட்டா, மடித்துப் பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பது குழந்தைக்கும் விளங்கும். பம்ப் ஆக்சன் துப்பாக்கிக்குக் குழலின் அடியில் இன்னொரு குழாய் உண்டு. அதில் தோட்டாக்கள் வரிசையாகக் காத்திருக்கும். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கூடு வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலில் ஏறி அமரும். இழு, தள்ளு, சுடு. நான்கு முறை, ஐந்து முறை, சிலவற்றில் அதற்கு மேலும். குழாய்க்குள் ஒரு தோட்டா ஒளிந்திருப்பதை மேலோட்டமாகப் பார்த்தவர் அறியார். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது சிறு செய்தி அன்று.

விரைவு, எண்ணிக்கை, எளிமை என்று பார்த்தால் பம்ப் ஆக்சனுக்கே வெற்றி. இளைஞர் முகம் மலர்ந்தது. ஆனால், வெற்றி எந்தப் போட்டியில்?

பயிர்க்காவல் என்று எடுத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. அது போதாது என்று அதிகாரி மனநிறைவு கொண்டால்தான் வேறு வகைக்கு வழி. ஆக, நாம் ஏளனம் செய்யும் அந்த இடிகம்பித் துப்பாக்கிதான் உழவனுக்குச் சட்டம் முதலில் காட்டும் துப்பாக்கி. அதனாலேனும் பன்றியைச் சுடலாமா? 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது; அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். 2025 சனவரியில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையினரே, உழவர் அல்லர். கேரளம் 2022இல் வேறு பாதை கண்டது. ஊராட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற சுடுநரைக் கொண்டு சுடவைத்தது. அந்தப் பாதை நல்லதா என்று வாதிட நாம் அணியமாயிருக்கிறோம். ஊராட்சியின் கையில் பொறுப்பிருப்பது நமக்கு உவப்பானதே.

ஆனால் இன்று, எறையூர்க் காட்டில், உழவரின் தோளில் துப்பாக்கி இருந்தால் அது செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்று: ஓசை எழுப்புவது! ஓசைக்கு ஒரு வெடி போதும். பன்றிக்கூட்டம் முதல் முழக்கத்திலேயே சிதறும். இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்க நின்று தலையாட்டாது.

இங்கே உழவரின் துயரை எள்ளி நகையாடுவதாக எவரும் எண்ணவேண்டாம். இழப்பீடு கேட்டு அலைந்து கால் தேய்ந்தவர்கள் பலர். வழி அடைபட்ட நெருக்கடியில் சிலர் வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. மனிதர் மாண்ட செய்திகளோ ஆண்டு தவறாமல் வருகின்றன. பன்றிச் சிக்கல் உண்மை. அதற்குப் பம்ப் ஆக்சன் மருந்தன்று என்பதே நம் வாதம்.

அப்படியானால் அந்த ஐந்தாவது தோட்டா யாருக்கு?

துப்பாக்கியின் வரலாறே விடை சொல்கிறது. பம்ப் ஆக்சனைப் பெருவழக்காக்கிய 1897ஆம் ஆண்டு வின்செஸ்டர், பிரவுனிங் என்ற அமெரிக்கப் பொறிவல்லார் வகுத்தது. வாத்து வேட்டைக்கும் அது பயன்பட்டது, மெய்தான். உலகம் அதன் பெயரை அறிந்ததோ முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில். 1918 செப்டம்பரில் செருமனி, இது தேவையற்ற துன்பம் விளைக்கும் கருவி என்று அமெரிக்காவிடம் முறையிட்டது. நச்சுப்புகை வீசிய நாடு முறையிட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! நம் நாட்டிலேயே காசுமீரத்தில், 2016ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, காவற்படையினர் கையிலிருந்தது பம்ப் ஆக்சன் துப்பாக்கி. உயிர் பறிக்காத கருவி என்று சொல்லித்தான் அதைக் கொணர்ந்தனர். சிதறிய சிறு ரவைகள் நூற்றுக்கணக்கானோர் கண்ணைத் தாக்கின. குழந்தைகளும் பார்வை இழந்தனர். மாற்று வழி தேட நடுவண் அரசே குழு அமைக்க நேர்ந்தது.

ஆத்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தர் என்னும் இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் சுட்டது பம்ப் ஆக்சனால் அன்று. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளால். ஆயினும் சில நாட்களுக்குள் அந்நாட்டு அரசுகள் ஒன்றுகூடிச் செய்த உடன்பாடு பம்ப் ஆக்சனையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 5 தோட்டாவுக்கு மிகாதது உழவருக்கு, அதுவும் தேவையை மெய்ப்பித்தால் மட்டும். மற்றவரிடம் இருந்தவற்றை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. அந்த உடன்பாட்டில் நம் உள்ளத்தைப் பிடித்து நிறுத்தும் விதி ஒன்று உண்டு: தற்காப்பு என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தக்க காரணமாகாது. பயிருக்கு என்று கேள், ஆராய்வோம். மனிதனுக்கு எதிராக என்று கேட்டால், இல்லை!

“வீட்டுக்குத் திருடன் வந்தால்?” என்று குறுக்கிட்டார் இன்னொரு தோழர். நாம் அகிம்சைப் பாட்டுப் பாடும் கூட்டத்தினர் அல்லர். தாக்க வருபவனைத் தடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்திலும் அது இருந்தது, 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்ற எல்லையும் உடன் இருக்கிறது. உரிமை உண்டா என்பதன்று கேள்வி. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது யாரைச் சுடுகிறது என்பதே கேள்வி.

ஊகத்தை விடுத்து ஆய்வைக் கேட்போம். கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவர் துணைவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. வீட்டினுள் கொலையுண்டவர்களின் இல்லங்களை அண்டை அயலார் இல்லங்களோடு ஒப்பிட்டனர். துப்பாக்கி இருந்த வீட்டில் கொலைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. கொன்றவன் பெரும்பாலும் அயலானல்லன், உறவினன், அறிந்தவன். அந்த ஆய்வின் முறையைக் குறைகூறுவோரும் உண்டு, கூறட்டும். துப்பாக்கியை விட்டு நமக்கு நெருக்கமான சான்றுக்கே வருவோம். இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995ஐ ஒட்டி உலகிலேயே மிக உயர்ந்த அளவில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரமா பாதியாயிற்று? போர் நடந்துகொண்டிருந்த நாடு அது! கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாவு சற்றே தள்ளிப்போயிற்று, அவ்வளவே. பருத்திக் காட்டு மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சினம், மானம், ஏமாற்றம் எல்லாம் நாழிகைக் கணக்கில் வந்துபோவன. அந்த நாழிகையில் கைக்கு எது எட்டுகிறதோ அதுவே ஊழ் என்று பின்னர் பெயர் பெறுகிறது.

நம் வீட்டுக் கதையையே சொல்லலாம். 1967 சனவரி 12. இராமாவரம் தோட்டம். படப்பேச்சுக்கென்று வந்த நடிகவேள் எம். ஆர். இராதாவின் துப்பாக்கி எம்.ஜி.ஆரின் கழுத்தைத் துளைத்தது. பிறகு தம்மையே சுட்டுக்கொண்டார் இராதா. மேடையில் மூடத்தனத்தை நகையால் கிழித்த கலைஞர் ஒருவர். மக்கள் நெஞ்சில் குடிகொண்ட கலைஞர் இன்னொருவர். அங்கே திருடன் வரவில்லை, பன்றி வரவில்லை, பகைவர் படை வரவில்லை. இருவர் பேசினர், ஒருவரிடம் துப்பாக்கி இருந்தது. ஒருவருக்குச் சிறை, மற்றவருக்கு வாழ்நாள் முழுதும் மாறிப்போன குரல். இருவரையும் நேசித்தவர்கள் நாம். எவரைக் குறைசொல்லவும் இதை எடுக்கவில்லை. அறிவும் புகழும் பட்டறிவும் நிறைந்தவர்களையே அந்த ஒரு நாழிகை வென்றது என்றால், வரப்புத் தகராற்றில் வியர்த்து நிற்கும் நம் பங்காளிகளின் கதி என்ன?

படிப்பகத்தில் அமைதி. பிறகு ஒரு குரல், பின்வரிசையிலிருந்து: “பெரியவர்கள் வீட்டுச் சுவரில் இரட்டைக் குழல் தொங்குகிறதே. அதை யார் கேட்டார்கள்? எங்களிடம் மட்டும் ஏன் இந்த உபதேசம்?”

அந்தத் தோழரின் கேள்விதான் அன்றைய மாலையின் மெய்யான கேள்வி. அதற்கு விடை கூறாமல் துப்பாக்கி தீது என்று பேசுபவன் போதகன். நமக்கு அந்த வேலை வேண்டாம்.

1878இல் இலிட்டன் பிரபு கொணர்ந்த ஆயுதச் சட்டம் இந்தியனிடம் உரிமம் கேட்டது, வெள்ளையருக்கு விலக்களித்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடே அதை எதிர்த்துத் தீர்மானித்தது. விலக்குப் பெற்ற இன்னொரு கூட்டமும் உண்டு. குடகு இனத்தாரும் அங்கே சம்மா நிலம் உடையோரும். வெள்ளையன் போனான், அந்த விலக்கு போகவில்லை. 2019இல் மேலும் பத்தாண்டு நீட்டினர், 2029 அக்டோபர்வரை. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. மரபு என்கிறார்கள், வீரம் என்கிறார்கள். பிறப்பினால் ஒருவனுக்குத் துப்பாக்கி உரிமை என்றால், நாம் இத்தனை காலம் எதை எதிர்த்து எழுதினோம்?

மறுபக்கம் பாருங்கள். இதே எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. வாய்வழித் துப்பாக்கியை உண்மையிலேயே அன்றாடக் கருவியாகக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். மருந்துக்குக் காசு, ஆகவே ஒரு வெடிக்கு ஓர் இரை. குறி தவறினால் அன்று உலை ஏறாது. துப்பாக்கியைச் சுவரில் மாட்டி அழகு பார்த்ததில்லை, மீசை முறுக்கியதில்லை. 1972க்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. கைகள் பாசிமணிக்கும் ஊசிக்கும் திரும்பின. அவர்களைப் பழங்குடியினர் என்று ஏற்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற 2022 டிசம்பர்வரை ஆயிற்று. நரிக்குறவர் தோளில் துப்பாக்கியைக் கண்டால் பேருந்து நிலையத்தில் ஊரே ஒதுங்கும். பண்ணையார் காரில் துப்பாக்கியைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும். ஒதுங்கியதும் எழுந்ததும் துப்பாக்கியைப் பார்த்தா?

அந்தப் பண்ணையார் துப்பாக்கி சுவரிலேயே இருந்ததுமில்லை. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியாக நெல் கூட்டிக் கேட்ட உழைப்பாளிகளின் சேரிக்குள் நிலக்கிழாரின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தனர். சுட்டனர், அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வைத்துக் கொளுத்தினர். பெண்களும் பிள்ளைகளும் முதியோருமாக 44 பேர் கரிக்கட்டைகளாயினர். அண்ணா முதல்வராயிருந்த காலம் அது. நம் ஆட்சி என்பதற்காக மறைக்கமாட்டோம். வழக்கில் நிலக்கிழார் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அந்த இரவில் துப்பாக்கி யாருக்கு ‘அன்றாடத் தற்காப்பு’, யாருக்குச் சாவு?

ஆகவே பின்வரிசைத் தோழர் கேட்டது நியாயம்: அவனிடம் இருக்கும்போது என்னிடம் ஏன் இருக்கலாகாது? அரசமைப்பு அவையில் 1948இல் காமத் என்ற உறுப்பினர் ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொணர்ந்தார். 1931 கராச்சித் தீர்மானத்தில் காங்கிரசு கேட்ட உரிமைதானே என்பது அவர் வாதம். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆயுதத்தால் மிதிபட்ட மக்களின் தலைவர் அதை ஏற்கவில்லை என்பதை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். எல்லோருக்கும் துப்பாக்கி என்றால், வாங்கப் பணமுள்ளவனுக்கு முதலில் துப்பாக்கி. நின்று சுட நிலமுள்ளவனுக்கு முதலில் குறி.

இதைவிடத் தெளிவான வழியைச் சட்டமே ஓரிடத்தில் காட்டியிருக்கிறது; நம்மில் பலர் படிப்பதில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் விதிகள் வகுத்தனர். மூன்றாம் விதியைத் திறந்து பாருங்கள். வன்கொடுமை நேரக்கூடிய பகுதியில், பட்டியல் வகுப்பினரோ பழங்குடியினரோ அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவேண்டும். அதன்பின், உயிருக்கும் உடைமைக்கும் தேவையென்று கருதினால், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவேண்டும். வரிசையைப் பாருங்கள், தோழர்களே! முதலில் சுவரிலுள்ளது இறங்கவேண்டும். இறக்க முடியாத அரசு, இல்லாதவன் கைக்கும் ஒன்றைத் தரக் கடமைப்பட்டது. அச்சம் இருபுறமும் சமமாக வேண்டும் என்பதன்று இதன் பொருள். அச்சமூட்டுபவனிடமிருந்தே வேலையைத் தொடங்கு என்பது.

எத்தனை மாவட்டங்களில் இந்த விதியைக் காட்டி மனுக் கொடுத்திருக்கிறோம்? துப்பாக்கி வாங்க மனு எழுதத் தெரிந்த நமக்கு, துப்பாக்கியை இறக்க மனு எழுதத் தெரியவில்லை. தேர்தல் வந்தால் இதே அரசு உரிமத் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஆணையிடுகிறது. வாக்குச்சீட்டு இருக்கும் வாரங்களில் ஊருக்கு ஆகாத துப்பாக்கி, முடிவு அறிவித்த பின் எப்படி ஆகும் என்று எவரும் கேட்பதில்லை.

இரவாயிற்று. வழக்கு முடியவில்லை; இளைஞர்கள் வழக்கம்போல் கலையாமல் வாதிட்டனர். முதலில் கேட்ட பிள்ளை மட்டும் நம்மோடு நடந்து வந்தார். நாம் கேட்டோம்: “பன்றிக்கு ஒன்று போதும் என்று தெரிந்த பின்னும் ஐந்து ஏன்?” நெடுநேரம் பேசாமல் நடந்தவர் சொன்னார்: “சித்தப்பாவுக்கும் எங்களுக்கும் வரப்பில் ஒன்றரை அடி வழக்குங்க. அவர் மகன் துப்பாக்கி வாங்கப்போகிறான் என்று பேச்சு.” அந்த மகனும் இதையேதான் கேட்டிருப்பான் என்று நினைத்தோம், சொல்லவில்லை.

அவர்கள் காட்டுக்கு அழைத்துப்போனார். பரண்மேல் அவர் தந்தை, கையில் டார்ச் விளக்கு, பக்கத்தில் தகர டின்னும் ஒரு கம்பும். வரப்புக்கு அப்பால் இன்னொரு பரண், அதில் சித்தப்பா. அண்ணன் தம்பி பேசி இரண்டாண்டு ஆகிறதாம். சோளத்தட்டை சரசரத்தது. முதலில் அந்தப் பரணிலிருந்துதான் தகரம் ஒலித்தது. உடனே இங்கும் ஒலித்தது. இரு விளக்குகளும் ஒரே திசையில் திரும்பின. எங்கள் பக்கத்துக் கடைசிப் பன்றியை எங்களுக்கு முன்பே கண்டு, இரண்டாண்டுக்குப் பிறகு, சித்தப்பா கூவினார்: “அண்ணே, வடக்கால ஒண்ணு நிக்குது!”